சோதனைத் தரவுகளை ஒழுங்குபடுத்தலும் வரைபிடலும்

சோதனைத் தரவுகளை ஒழுங்குபடுத்தல் என்பது ஆய்வகத்திலோ களத்திலோ அளந்து பெற்ற எண்களைப் பிறர் படித்துச் சரிபார்க்கத் தக்க வகையில் அட்டவணையாக அடுக்கிக் கணக்கிடும் செயல்முறை ஆகும். அவ்வாறு அடுக்கிய எண்களுக்கு இடையிலான தொடர்பை அச்சுகளின் மீது புள்ளிகளாகவும் கோடுகளாகவும் காட்டுவது வரைபிடல் எனப்படும். இயற்பியல், வேதியியல், உயிரியல், பொறியியல், வேளாண்மை, மருத்துவம், சமூக அறிவியல் ஆகிய அனைத்துத் துறைகளிலும் இவ்விரண்டும் அடிப்படைத் திறன்களாகக் கருதப்படுகின்றன.

முன்னர் இப்பணி ஆய்வுக் குறிப்பேட்டிலும் வரைபுத் தாளிலும் கையால் செய்யப்பட்டது. 1980களில் இருந்து விரிதாள் எனப்படும் கணினி மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. விரிதாள் கணக்கிடும் நேரத்தை வெகுவாகக் குறைக்கிறது. அதே வேளையில், தவறான எண்ணையும் தவறான சூத்திரத்தையும் அது எந்த எச்சரிக்கையும் இன்றி ஏற்றுக்கொள்வது உண்டு. ஆகவே மூலத் தரவைப் பாதுகாத்தல், ஒவ்வொரு கணக்கீட்டுப் படியையும் பின்தொடரத் தக்கதாக வைத்தல், முடிவை வரைபில் கண்ணால் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை ஆகும்.

கலைச்சொற்கள்

விரிதாள்: எண்களையும் சொற்களையும் சூத்திரங்களையும் கட்டங்களில் இட்டுக் கணக்கிட உதவும் மென்பொருள். அட்டவணைச் செயலி என்றும் இது அழைக்கப்படுகிறது.
கலம்: கிடைவரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் ஒரு கட்டம். நுண்ணறை, சிற்றறை என்ற சொற்களும் வழங்குகின்றன.
மூலத் தரவு: கருவியில் இருந்து நேரடியாகப் படித்த, எந்த மாற்றமும் செய்யப்படாத அளவீடு.
சாரா மாறி: சோதனை செய்பவர் தாமே தேர்ந்து மாற்றும் அளவு.
சார்ந்த மாறி: சாரா மாறி மாறுவதற்கு ஏற்ப மாறுகிறதா என்று அளக்கப்படும் அளவு.
தற்செயல் பிழை: ஒரே அளவீட்டைத் திரும்பச் செய்யும்போது மதிப்பு சற்றுக் கூடியும் குறைந்தும் வருவது.
முறைசார் பிழை: எல்லா அளவீடுகளையும் ஒரே திசையில் பிறழச் செய்யும் பிழை. சுழி சரியாக அமையாத தராசு இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

வரலாறு

அளவீடுகளை அட்டவணையாக எழுதும் வழக்கம் பண்டைய வானியல் பதிவுகளிலேயே காணப்படுகிறது. அவற்றை வளைகோடுகளாக வரைந்து ஆராயும் வழக்கம் பிற்காலத்தது. 18ஆம் நூற்றாண்டில் யோகான் ஐன்ரிக் லாம்பர்ட் வெப்பநிலை முதலிய அளவீடுகளை வளைகோடுகளாக வரைந்தார். இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் பொருளாதாரத் தரவுகளைக் கோட்டு வரைபாகவும் பட்டை வரைபாகவும் காட்டினார். வட்ட வரைபை அவர் 1801இல் பயன்படுத்தினார். கிரிமியப் போரில் இறந்த படைவீரர்களுள் பெரும்பாலோர் காயங்களால் அன்றி நோய்களால் இறந்தனர் என்பதை புளோரன்சு நைட்டிங்கேல் 1858இல் வரைபடம் மூலம் எடுத்துக்காட்டினார்.

சிதறிய புள்ளிகளுக்குப் பொருந்தும் கோட்டைக் கணிக்க உதவும் மீச்சிறு வர்க்க முறையை அட்ரியன் மாரி லெஜாண்டர் 1805இலும், கார்ல் பிரீடரிக் காசு 1809இலும் வெளியிட்டனர். இன்றைய விரிதாள்கள் வரையும் போக்குக் கோடு இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது.

கணக்காளர்கள் பயன்படுத்திய அகன்ற பேரேட்டுத் தாளில் இருந்து விரிதாள் என்ற கருத்து உருவானது. டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகியோர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. 1983இல் ஐ.பி.எம். தனிநபர் கணினிக்கு லோட்டசு 1-2-3 வெளியானது. மைக்ரோசாப்ட் எக்செல் 1985இல் மாக்கின்டோசு கணினிக்கும் 1987இல் விண்டோசுக்கும் வந்தது. இம்மென்பொருள்கள் வணிகக் கணக்குகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை. அறிவியல் தரவுகளைக் கையாளும்போது எழும் சிக்கல்கள் சிலவற்றுக்கு இத்தோற்றமும் ஒரு காரணம் ஆகும்.

மூலத் தரவைப் பதிதல்

அளவீடு எடுக்கப்பட்ட உடனேயே கருவி காட்டிய மதிப்பை அவ்வாறே பதிய வேண்டும். மனத்தில் கணக்கிட்டு விடையை மட்டும் எழுதினால், பின்னர் பிழை இருப்பதாக ஐயம் எழும்போது சரிபார்க்க வழி இராது. இருபது அலைவுகளுக்கு ஆன நேரம் 25.3 நொடி எனில், 25.3 என்றே எழுத வேண்டும்; இருபதால் வகுக்கும் வேலையை விரிதாளிடம் விட்டுவிடலாம்.

பொதுவாகப் பின்பற்றப்படும் விதிகள் வருமாறு:

1. ஒரு கிடைவரிசையில் ஒரு நோக்கீடும் ஒரு நெடுவரிசையில் ஒரு மாறியும் அமைய வேண்டும்.
2. ஒரு கலத்தில் ஒரே ஒரு மதிப்பு இருக்க வேண்டும். "12.5 செ.மீ." என்று எழுதினால் பல விரிதாள்கள் அதை எண்ணாகக் கொள்ளாமல் சொல்லாகக் கொள்ளும். அலகை நெடுவரிசைத் தலைப்பில் எழுத வேண்டும்.
3. அளவீடு எடுக்கப்படாத கலத்தை வெறுமையாக விட வேண்டும். அங்கு 0 என்று எழுதினால் சராசரி மாறிவிடும்.
4. ஐயத்திற்குரிய மதிப்பை அழிக்கக் கூடாது. அருகில் ஒரு குறிப்பு நெடுவரிசை அமைத்து, ஐயத்தின் காரணத்தை எழுத வேண்டும்.
5. பொருளை நிறத்தால் மட்டும் குறிக்கக் கூடாது. கோப்பை வேறு வடிவத்திற்கு மாற்றும்போது நிறம் மறைந்துவிடக் கூடும்.
6. நாளை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுவது நல்லது. 3/4 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3 என்றும் அமெரிக்காவில் மார்ச் 4 என்றும் படிக்கப்படும்.
7. மூலத் தரவைத் தனிப் பணித்தாளில் வைத்துப் பூட்டிவிட்டு, கணக்கீடுகளை வேறு பணித்தாளில் செய்ய வேண்டும்.

கருவியின் பெயர், அதன் மீச்சிற்றளவு, அறை வெப்பநிலை, சோதனை செய்த நாள் முதலியவற்றையும் ஒரு தனிப் பணித்தாளில் எழுதி வைப்பது வழக்கம். பல மாதங்கள் கழித்து அக்கோப்பைத் திறப்பவருக்கு எண்களின் பொருளை விளக்க இக்குறிப்புகளே உதவும்.

எடுத்துக்காட்டு: தனி ஊசல்

பள்ளி ஆய்வகங்களில் செய்யப்படும் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். ஊசலின் நீளம் சாரா மாறி. அலைவுக்காலம் சார்ந்த மாறி. நிறுத்துகடிகாரத்தைக் கையால் இயக்கும்போது ஏறத்தாழ 0.2 நொடிப் பிழை ஏற்படலாம். ஒரே ஓர் அலைவை அளந்தால் அப்பிழை முழுவதும் விடையில் சேரும். இருபது அலைவுகளை அளந்து இருபதால் வகுத்தால் அது 0.01 நொடியாகக் குறையும்.

பின்வரும் அட்டவணை இத்தகைய பதிவின் அமைப்பை விளக்குவதற்காகத் தரப்படும் ஒரு மாதிரி ஆகும்.

| நீளம் (மீ) | 20 அலைவுகள், முதல் முறை (நொடி) | 20 அலைவுகள், இரண்டாம் முறை (நொடி) | சராசரி (நொடி) | அலைவுக்காலம் (நொடி) | அலைவுக்காலத்தின் வர்க்கம் (நொடி²) |
|---|---|---|---|---|---|
| 0.20 | 18.0 | 17.9 | 17.95 | 0.898 | 0.806 |
| 0.40 | 25.3 | 25.5 | 25.40 | 1.270 | 1.613 |
| 0.60 | 31.2 | 31.0 | 31.10 | 1.555 | 2.418 |
| 0.80 | 35.8 | 36.0 | 35.90 | 1.795 | 3.222 |
| 1.00 | 40.2 | 40.0 | 40.10 | 2.005 | 4.020 |

இவ்வட்டவணையின் முதல் மூன்று நெடுவரிசைகள் மூலத் தரவு. எஞ்சிய மூன்றும் சூத்திரங்களால் பெறப்பட்டவை. இவ்வேறுபாடு அட்டவணையைப் பார்த்த உடனே தெரியும்படி இருக்க வேண்டும்.

சூத்திரங்களும் கணக்கீடும்

விரிதாளில் ஒரு சூத்திரம் பிற கலங்களை அவற்றின் முகவரியால் குறிப்பிடுகிறது. முதல் கிடைவரிசையில் எழுதிய சூத்திரத்தைக் கீழே இழுத்து நிரப்பும்போது முகவரிகள் தாமாகவே அடுத்தடுத்த கிடைவரிசைகளுக்கு மாறும். இது சார்பு முகவரி எனப்படும். எல்லாக் கிடைவரிசைகளும் ஒரே கலத்தைப் பயன்படுத்த வேண்டுமாயின், முகவரியில் டாலர் குறி இட்டு அதை நிலைப்படுத்த வேண்டும். இது தனி முகவரி எனப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அலைவுகளின் எண்ணிக்கையான 20ஐ ஒவ்வொரு சூத்திரத்திலும் எழுதுவதற்கு மாறாக, பெயரிட்ட ஒரு கலத்தில் வைத்துத் தனி முகவரியால் குறிப்பிடலாம். சோதனையை ஐம்பது அலைவுகளுக்கு மாற்றினால் அந்த ஒரு கலத்தை மட்டும் திருத்தினால் போதும்.

திரும்பச் செய்த அளவீடுகளின் பரவலைத் திட்ட விலக்கம் காட்டுகிறது. விரிதாள்களில் இதற்கு இரு சார்புகள் உள்ளன. ஒன்று விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையை அளவீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பது. மற்றொன்று அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் வகுப்பது. சோதனை அளவீடுகள் ஒரு மாதிரியே ஆதலால், இரண்டாவதே பெரும்பாலும் பொருத்தமானது. சராசரியின் உறுதியின்மையை அறிய, திட்ட விலக்கத்தை அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இது திட்டப் பிழை எனப்படும்.

விரிதாள் ஒரு வகுத்தலின் விடையை 0.897500000 என்று காட்டினாலும், அத்தனை இலக்கங்களும் அளவீட்டில் இருந்து வந்தவை அல்ல. பத்தில் ஒரு நொடி வரை மட்டுமே படிக்கும் கடிகாரத்தால் பெற்ற விடையை அதற்குரிய முக்கிய எண்ணுருக்களோடு நிறுத்த வேண்டும். ஆயினும் இடைப்பட்ட படிகளில் எண்களை முழுதாக்கக் கூடாது. காட்டும் வடிவத்தை மட்டும் மாற்றினால் கலத்தின் உள்ளே முழு மதிப்பும் இருக்கும்; இறுதி விடையை மட்டும் முழுதாக்கலாம்.

வரைபின் வகையைத் தேர்தல்

சிதறல் வரைபு: இரண்டு அச்சுகளிலும் எண் மதிப்புகள் இருக்கும். இரு மாறிகளுக்கு இடையிலான தொடர்பைக் காட்ட இது ஏற்றது. பெரும்பாலான இயற்பியல், வேதியியல் சோதனைகளுக்கு இதுவே பொருந்தும்.
கோட்டு வரைபு: சீரான இடைவெளியில், குறிப்பாகக் காலப்போக்கில் எடுத்த அளவீடுகளுக்கு ஏற்றது.
பட்டை வரைபு: உர வகைகள், தாவர இனங்கள் போன்ற பிரிவுகளை ஒப்பிட ஏற்றது. பட்டையின் நீளமே மதிப்பைக் குறிப்பதால் அச்சு சுழியில் இருந்து தொடங்க வேண்டும்.
நிகழ்வுச் செவ்வகம்: ஒரே அளவின் பல மதிப்புகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதைக் காட்டும்.
வட்ட வரைபு: ஒரு முழுமையின் பகுதிகளைக் காட்டும். கோணங்களைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம் ஆதலால் சோதனை முடிவுகளுக்கு அரிதாகவே பயன்படுகிறது.

கோட்டு வரைபையும் சிதறல் வரைபையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது உண்டு. பல விரிதாள்களின் கோட்டு வரைபு, கிடையச்சு எண்களை வெறும் பெயர்களாகக் கொண்டு சம இடைவெளியில் வைக்கும். 1, 2, 5, 10 ஆகிய நிமிடங்களில் எடுத்த வெப்பநிலைகளை அவ்வாறு வரைந்தால், ஒரு நிமிட இடைவெளியும் ஐந்து நிமிட இடைவெளியும் ஒரே அகலத்தில் தோன்றும். அப்போது வளைகோட்டின் வடிவமும் சாய்வும் பொருளற்றவை ஆகிவிடும்.

நல்ல வரைபின் உறுப்புகள்

1. எதற்கு எதிராக எது வரையப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும் தலைப்பு.
2. இரண்டு அச்சுகளிலும் அளவின் பெயரும் அலகும். வழக்கமாகச் சாரா மாறி கிடையச்சிலும் சார்ந்த மாறி நிலையச்சிலும் இடம்பெறும்.
3. புள்ளிகள் வரைபின் பெரும்பகுதியை நிரப்பும் வகையில் தேர்ந்த அளவுத்திட்டம்.
4. அளவிட்ட புள்ளிகள் தெளிவாகத் தெரியும் குறிகள். அளவீடுகளைக் குறிகளாகவும் கோட்பாட்டுக் கோட்டைத் தொடர்கோடாகவும் காட்டுவது மரபு.
5. உறுதியின்மையைக் காட்டும் பிழைப்பட்டைகள். பட்டை குறிப்பது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, கருவியின் வரம்பா என்பதைக் குறிப்பிட வேண்டும்.
6. ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் இருப்பின் குறிவிளக்கம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் பிரித்தறியக் குறிகளின் வடிவத்தை வேறுபடுத்த வேண்டும்.

முப்பரிமாணத் தோற்றம், நிழல், பின்னணிப் படம் ஆகியவை மதிப்புகளைப் படிப்பதற்கு இடையூறாக அமைவதால் தவிர்க்கப்படுகின்றன.

நேர்கோட்டாக்கம்

ஒரு வளைகோடு எந்தச் சமன்பாட்டைச் சார்ந்தது என்பதைக் கண்ணால் அறிவது கடினம். ஒரு கோடு நேராக உள்ளதா என்பதை அறிவது எளிது. எனவே சமன்பாடு நேர்கோடாகும் வகையில் மாறிகளை மாற்றி வரைவது வழக்கம். பாயில் விதியைச் சோதிக்க அழுத்தத்தைக் கன அளவின் தலைகீழிக்கு எதிராக வரையலாம். கதிரியக்கச் சிதைவில் எண்ணுகை வீதத்தின் மடக்கையைக் காலத்திற்கு எதிராக வரையலாம்.

தனி ஊசலின் அலைவுக்காலத்தை நீளத்திற்கு எதிராக வரைந்தால் வளைகோடு கிடைக்கும். அலைவுக்காலத்தின் வர்க்கத்தை நீளத்திற்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். மேற்கண்ட மாதிரித் தரவுக்கு மீச்சிறு வர்க்க முறையில் கணித்தால் அதன் சாய்வு 4.019, வெட்டுத்துண்டு 0.004. பையின் வர்க்கத்தின் நான்கு மடங்கான 39.48ஐ இச்சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.82 மீ/நொடி² எனக் கிடைக்கிறது.

வரைபு வெளிப்படுத்தும் முறைசார் பிழை

மேற்கண்ட சோதனையில் ஊசலின் நீளம் என்பது தொங்கு புள்ளியில் இருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவு ஆகும். ஒரு மாணவர் நூலை மட்டும் அளந்து, 1 செ.மீ. ஆரத்தைச் சேர்க்க மறந்துவிட்டார் எனக் கொள்ளலாம். அவருடைய நீளங்கள் 0.19, 0.39, 0.59, 0.79, 0.99 மீட்டர் என இருக்கும். ஒவ்வொரு கிடைவரிசையிலும் தனித்தனியே புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் முதல் கிடைவரிசையில் 9.31 என்றும் கடைசிக் கிடைவரிசையில் 9.72 என்றும் வரும். இவற்றின் சராசரியை எடுப்பது பிழையை நீக்காது. எல்லா மதிப்புகளும் ஒரே திசையில் பிறழ்ந்திருப்பதே இதற்குக் காரணம் ஆகும்.

அதே தரவை வரைபிட்டால், எல்லாப் புள்ளிகளும் 1 செ.மீ. இடப்பக்கம் நகர்ந்திருக்கும். சாய்வு மாறாது, புவியீர்ப்பு முடுக்கம் 9.82 என்றே கிடைக்கும். ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாமல் நிலையச்சை 0.044 என்ற இடத்தில் வெட்டும். அதைச் சாய்வால் வகுத்தால் ஏறத்தாழ 1.1 செ.மீ. என்று வருகிறது. விடுபட்ட நீளத்தின் அளவையே வரைபு காட்டிவிடுகிறது. கோட்டை வலிந்து ஆதிப்புள்ளி வழியாகச் செலுத்தும் வசதி விரிதாள்களில் உண்டு. அதைக் காரணமின்றிப் பயன்படுத்தினால் இவ்வெச்சரிக்கை மறைந்துவிடும்.

போக்குக் கோட்டின் வரம்புகள்

ஐந்து வெவ்வேறு நீளங்களில் எடுத்த ஐந்து புள்ளிகளின் வழியாக நான்காம் படிப் பல்லுறுப்புக் கோவை எப்போதும் பிழையின்றிச் செல்லும். அதனால் அது இயற்கையின் விதி ஆகிவிடாது. அளவிட்ட எல்லைக்கு வெளியே அத்தகைய கோடு பெரிதும் பிறழக் கூடும். எந்த வகைக் கோடு பொருந்த வேண்டும் என்பதைக் கோட்பாடே முடிவு செய்ய வேண்டும்.

ஒட்டுறவுக் கெழு ஒன்றை ஒட்டி வருவதும் போதிய சான்று ஆகாது. பிரான்சிசு அன்சுகோம்பு என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள் உள்ளன. நான்கிற்கும் கிடையச்சு மதிப்புகளின் சராசரி 9, நிலையச்சு மதிப்புகளின் சராசரி ஏறத்தாழ 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816. பொருந்தும் நேர்கோட்டின் சாய்வு 0.5, வெட்டுத்துண்டு 3. வரைந்து பார்த்தால் நான்கும் முற்றிலும் வேறானவை. முதலாவது நேர்கோட்டைச் சுற்றிச் சிதறியது. இரண்டாவது ஒரு வளைகோடு. மூன்றாவதில் ஒரு விலகிய புள்ளி நேர்கோட்டைத் திருப்பிவிடுகிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் இருக்க, ஒரே ஒரு தொலைப்புள்ளி சாய்வு முழுவதையும் முடிவு செய்கிறது. அட்டவணையின் அடியில் உள்ள எண்களை மட்டும் படிப்பவருக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இதனை அறிய, எச்சங்களையும் வரைந்து பார்ப்பது நல்லது. எச்சம் என்பது அளந்த மதிப்புக்கும் கோடு தரும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு ஆகும். எச்சங்கள் சுழியைச் சுற்றி ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் கோடு பொருத்தமானது எனலாம். அவை வளைவாக அமைந்தால் சமன்பாட்டில் ஏதோ விடுபட்டுள்ளது எனக் கொள்ள வேண்டும்.

தவறுகளின் விளைவுகள்

சாலஞ்சர் விண்ணோடம்

1986 சனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட சிறிது நேரத்தில் சிதறி, அதில் சென்ற எழுவரும் உயிரிழந்தனர். திண்ம எரிபொருள் உந்துகணையின் மூட்டில் இருந்த வளைய வடிவ அடைப்பான் குளிரில் சரியாக இயங்காமையே காரணம் என விசாரணையில் கண்டறியப்பட்டது. ஏவுதலுக்கு முந்தைய நாள் இரவு பொறியியலாளர்கள் குளிரைக் குறித்து எச்சரித்தனர். எனினும் வெப்பநிலைக்கும் சேதத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பேச்சில் சேதம் ஏற்பட்ட முந்தைய ஏவுதல்கள் மட்டுமே கருதப்பட்டன. அவை குறைந்த வெப்பநிலையிலும் கூடிய வெப்பநிலையிலும் நிகழ்ந்திருந்ததால் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சேதமின்றி முடிந்த ஏவுதல்களையும் சேர்த்து வரைந்தபோது அவை அனைத்தும் 65 பாகை பாரன்கைட்டுக்கு (ஏறத்தாழ 18 பாகை செல்சியசு) மேற்பட்ட வெப்பநிலையில் நடந்தவை என்பது புலப்பட்டது. விளைவு ஏற்படாத நோக்கீடுகளும் தரவே என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.

மரபணுப் பெயர்கள்

செப்ட்2, மார்ச்1 போன்ற குறியீடுகளைக் கொண்ட மரபணுப் பெயர்களை எக்செல் நாட்களாகப் புரிந்துகொண்டு செப்டம்பர் 2, மார்ச் 1 என மாற்றிவிட்டது. இச்சிக்கல் 2004இலேயே ஆய்விதழில் சுட்டிக்காட்டப்பட்டது. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்தது. இறுதியில் மென்பொருளுக்காக மரபணுக்களின் பெயர்களே மாற்றப்பட்டன. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள் இம்மாற்றங்களை விளக்கின. தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதியை மைக்ரோசாப்ட் 2023இல் எக்செல்லில் சேர்த்தது.

கோவிட்-19 பதிவுகள்

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட 15,841 கோவிட்-19 தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டன. ஆய்வக முடிவுகள் ஏற்றப்பட்ட பழைய எக்செல் கோப்பு வடிவத்தின் வரம்பான 65,536 கிடைவரிசைகள் நிரம்பியதே காரணம் எனச் செய்திகள் தெரிவித்தன. தொற்றுற்றோருடன் பழகியவர்களைத் தேடும் பணி இதனால் தாமதமானது.

விடுபட்ட கிடைவரிசைகள்

கார்மென் ரெய்ன்கார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காடு எனக் கூறியது. பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தோர் இக்கட்டுரையை மேற்கோள் காட்டினர். 2013இல் தாமசு எர்ன்டன், மைக்கேல் ஆசு, ராபர்ட் போலின் ஆகியோர் அவ்விரிதாளைப் பெற்று ஆராய்ந்தனர். சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளின் கிடைவரிசைகளை விட்டுவிட்டது தெரியவந்தது. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாமையையும் எடையிட்ட முறையையும் சேர்த்துத் திருத்தியபோது சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடு என அவர்கள் கணித்தனர். சூத்திரப் பிழையை ஏற்றுக்கொண்ட மூல ஆசிரியர்கள், தம் அடிப்படை முடிவு மாறவில்லை என்று வாதிட்டனர். விரிதாள் பிறர் கைக்குக் கிடைத்ததாலேயே இப்பிழை வெளிப்பட்டது.

விரிதாளின் வரம்புகள்

எக்செல் 2007 முதல் ஒரு பணித்தாளில் 1,048,576 கிடைவரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் இடம்பெறலாம். கருவிகள் தாமே நொடிக்குப் பல முறை பதியும் தரவு இவ்வரம்பை எளிதில் தாண்டக் கூடும். எண்கள் 15 முக்கிய எண்ணுருக்கள் வரை மட்டுமே பேணப்படுகின்றன. 16 இலக்க அடையாள எண்ணை எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். 007 போன்ற மாதிரி எண்களின் முன்சுழிகள் நீக்கப்படும். இவற்றைத் தவிர்க்க, எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்நெடுவரிசையை உரை வடிவத்திற்கு மாற்ற வேண்டும்.

சூத்திரங்கள் கலங்களின் பின்னே மறைந்திருப்பதால் முழுக் கணக்கீட்டையும் ஒரே பார்வையில் படிக்க இயலாது. ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினால் கிடைவரிசைகளின் தொடர்பு அறுந்து, ஒரு மாதிரியின் அளவீடு மற்றொரு மாதிரிக்குச் சென்றுவிடும். பெரிய அல்லது திரும்பத் திரும்பச் செய்யும் பகுப்பாய்வுகளுக்கு ஆர், பைத்தான் போன்ற நிரல் மொழிகள் பயன்படுத்தப்படுகின்றன. அவற்றில் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருப்பதால், அதே தரவில் இருந்து அதே முடிவைப் பிறர் மீண்டும் பெற முடியும்.

சரிபார்க்கும் வழிகள்

விடையை முன்பே அறிந்த சில எண்களை இட்டுச் சூத்திரத்தைச் சோதிக்கலாம். ஒரு கிடைவரிசையையாவது கையால் கணக்கிட்டு ஒப்பிடலாம். கிடைவரிசைகளின் எண்ணிக்கையைக் குறிப்பேட்டில் உள்ள அளவீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். ஒவ்வொரு நெடுவரிசையின் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் கண்டால், 25.4ஐ 254 என்று தட்டச்சு செய்தது போன்ற பிழைகள் வெளிப்படும். சோதனை நடக்கும்போதே ஒரு தோராய வரைபை வரைந்து வந்தால், விலகிய புள்ளியைக் கருவிகளைக் கழற்றுவதற்கு முன்பே மீண்டும் அளக்க வாய்ப்புக் கிடைக்கும்.

மென்பொருள்கள்

மைக்ரோசாப்ட் எக்செல், ஆப்பிள் நம்பர்சு ஆகியவை வணிக நிறுவனங்களின் மென்பொருள்கள். ஓப்பன் ஆபீசில் இருந்து 2010இல் பிரிந்த லிப்ரே ஆபீசின் கால்க், நியூமெரிக் ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். 2006இல் அறிமுகமான கூகுள் சீட்சு இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் பணியாற்ற உதவுகிறது. திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுச் சீர்தரமாக ஏற்கப்பட்டது. மூலத் தரவை நெடுங்காலம் பாதுகாக்க, காற்புள்ளியால் மதிப்புகளைப் பிரிக்கும் எளிய உரைக்கோப்பு ஏற்றது. அதை எந்த மென்பொருளிலும் திறக்கலாம். ஆனால் அதில் சூத்திரங்களும் வரைபுகளும் சேமிக்கப்படுவதில்லை என்பதால், விரிதாள் கோப்பையும் உடன் வைத்திருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

விரிதாள்
மீச்சிறு வர்க்க முறை
திட்ட விலக்கம்
தனி ஊசல்
அளவீட்டுப் பிழை